மென்பொருள் வந்த பிறகு ஒப்பந்தப் பணிக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிவில் 14 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். சென்ற ஆண்டு எங்கள் பிரிவுக்குச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்தது. இப்போது எங்களில் சிலரை நிரந்தரப் பணியிலிருந்து விலகி, ஒரு கோரிக்கைக்கு இவ்வளவு என்று பணம் தரும் ஒப்பந்தத்துக்கு மாறச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் கையில் கிடைப்பது சற்றுக் கூடுதலாகவே இருக்குமாம். மாறலாமா? வேலையே போய்விட்டால் அரசு கைகொடுக்குமா? எல்லோருக்கும் அடிப்படை வருமானம் வரப்போகிறது என்கிறார்களே, அதை நம்பலாமா?

பதில்: நீங்கள் உடனே முடிவெடுக்க வேண்டியது ஒப்பந்தத்தைப் பற்றி மட்டுமே. ஆனால் மென்பொருள் உங்கள் மேசையிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது என்று தெரியாமல் அந்த முடிவை எடுக்க முடியாது.

2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர், அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு தானியங்கிமயமாகும் பெரும் அபாயத்தில் உள்ளதாகக் கணித்தார்கள். 2016-இல் பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட மற்றோர் ஆய்வு, உறுப்பு நாடுகளின் சராசரியாக 9 விழுக்காடு என்றுதான் சொன்னது. இவ்வளவு வேறுபாடு ஏன் என்றால், முதல் ஆய்வு ஒரு தொழிலை முழுதாக எடுத்து எடைபோட்டது. இரண்டாவது, அந்தத் தொழிலுக்குள் ஒருவர் செய்யும் தனித்தனிப் பணிகளை எண்ணிப் பார்த்தது. நீங்களும் இரண்டாவது வழியிலேயே செல்லுங்கள். ஒரு வாரம் முழுவதும், செய்த ஒவ்வொரு பணியையும் அதற்கு ஆன நேரத்தையும் குறித்துவையுங்கள். ரசீதைப் படிப்பது, பாலிசி எண்ணை ஒப்பிடுவது, ஒரே கோரிக்கை இருமுறை வந்திருக்கிறதா என்று தேடுவது போன்றவற்றை மென்பொருள் இப்போதே செய்கிறது. மருத்துவமனையில் சேர்ந்த தேதிக்கு முந்தைய தேதியில் வீடு திரும்பியதாக ஒரு ரசீது வந்தால், அது எழுத்தரின் கைப்பிழையா, மோசடியா என்று முடிவுசெய்வது வேறு வகை வேலை. குடும்பத்தில் ஒருவரை இழந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து விடுபட்ட சான்றிதழைக் கேட்பதும், மேல்முறையீட்டில் நிற்கக்கூடிய மறுப்புக் கடிதத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவதும் அப்படிப்பட்டவையே.

ஆறுதலுக்காக எதையும் மறைக்க விரும்பவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எழுத்தர் வகைப் பணிகளில் 24 விழுக்காடு உருவாக்கத் திறன் கொண்ட செயற்கை நுண்ணறிவின் தாக்கத்துக்கு மிக அதிகமாகவும், மேலும் 58 விழுக்காடு நடுத்தர அளவிலும் உள்ளாகக்கூடியவை. வேறெந்தத் தொழில் பிரிவிலும் தாக்கம் இந்த அளவுக்கு இல்லை. இதற்கு மறுமொழியாக ஏடிஎம் கதையை உங்கள் மேலாளர் சொல்லக்கூடும். அமெரிக்காவில் ஏடிஎம் பரவிய பிறகும் வங்கிக் காசாளர்களின் எண்ணிக்கை பல ஆண்டுகள் குறையவில்லை என்பது உண்மைதான்; ஒரு கிளையை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் கூடுதல் கிளைகளைத் திறந்தன. ஆனால் இழப்பீட்டுக் கோரிக்கைகள், அவற்றைப் பரிசீலிப்பது மலிவாகிவிட்டது என்பதற்காகப் பெருகுவதில்லை. எனவே அந்தக் கதையில் பாதி மட்டுமே உங்களுக்குப் பொருந்தும்.

இன்னொரு செய்தி நேரடியாக உங்களைத் தொடுகிறது. வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்கள் 5,179 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வந்த பின் ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட சிக்கல்கள் சராசரியாக 14 விழுக்காடு கூடின. அதிலும் புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் இது 34 விழுக்காடு. அனுபவசாலிகளுக்கோ மிகச் சொற்பம். மூத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் கற்ற நுணுக்கங்களை மென்பொருள் அள்ளிப் புதியவர்களிடம் கொடுத்துவிடுகிறது என்பதே இதன் பொருள். உங்கள் 14 ஆண்டு அனுபவத்துக்கு இதுவரை தந்த கூடுதல் சம்பளத்தை நிறுவனம் இப்போது மறுகணக்குப் போடுகிறது என்றே நான் கருதுகிறேன்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். ஒரு நாளில் நீங்கள் 24 கோரிக்கைகளை முடிப்பதாகக் கொள்வோம். அவற்றில் எளியவை 20, ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம். சிக்கலானவை 4, ஒவ்வொன்றுக்கும் 55 நிமிடம். மொத்தம் 420 நிமிடம், அதாவது ஏழு மணி நேரம். ஒரு கோரிக்கைக்குச் சராசரி 17.5 நிமிடம். நிறுவனம் இந்தச் சராசரியை வைத்தே ஒரு கோரிக்கைக்கான தொகையை நிர்ணயிக்கிறது. அதன்மேல் சிறிது சேர்த்தும் தருகிறது. அதனால்தான் தொடக்கத்தில் வருமானம் கூடுகிறது. சில மாதங்களில் எளிய இருபதையும் மென்பொருளே முடித்துவிட, உங்களிடம் வருவதெல்லாம் 55 நிமிடக் கோரிக்கைகளாக இருக்கும். அப்போது ஒரு மணி நேரத்துக்கான வருமானம் பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை எழுதியபடியே இருக்கும், வேலையின் தன்மை மட்டும் மாறியிருக்கும்.

சம்பளத்துக்கு அப்பாலும் ஓர் இழப்பு உண்டு. ஜெர்மனியில் அன்றைய அரசாங்கத் தலைவர் பிஸ்மார்க் 1883-இல் நோய்க் காப்பீட்டையும், 1884-இல் விபத்துக் காப்பீட்டையும், 1889-இல் முதியோர் ஓய்வூதியத்தையும் சட்டமாக்கியபோது அவற்றைக் கூலி வேலையோடு பிணைத்தார். அதன் பிறகு பல நாடுகளில் எழுந்த சமூகப் பாதுகாப்பு, தொழிலாளியின் ஊதியத்திலிருந்து ஒரு பங்கும் முதலாளியிடமிருந்து ஒரு பங்கும் பெற்று நடக்கும் அந்த அடித்தளத்தின் மீதே நிற்கிறது. நிரந்தரப் பணியை விட்டு ஒப்பந்தக்காரராக மாறும் நாளில், பெரும்பாலான நாடுகளில், முதலாளியின் பங்கு நின்றுவிடும்; ஊதியத்துடன் கூடிய விடுப்பு போய்விடும்; வேலையிழப்புக் காப்பீட்டுக்கான தகுதியும் போய்விடக்கூடும். வேலை போவதற்கு முன்பே பாதுகாப்பு போய்விடுவதுதான் உங்கள் சூழலில் எனக்குப் பெரிய கவலை.

ஆகவே இப்போதுள்ள வடிவில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மாறித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், சிக்கலான கோரிக்கைகளுக்குத் தனி விகிதமோ, மணிக்கணக்கில் ஊதியமோ, மாதத்துக்குக் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையோ கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, இது உங்கள் ராஜினாமாவாகப் பதிவாகுமா, நிறுவனத்தின் பணிநீக்கமாகப் பதிவாகுமா என்று எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்திலேயே பெறுங்கள். தாமாக விலகியவருக்குப் பணிநீக்க இழப்பீடும் வேலையிழப்பு உதவியும் பல நாடுகளில் மறுக்கப்படுகின்றன அல்லது தள்ளிப்போகின்றன. தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடமோ காட்டுவதற்கு முன் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

அடிப்படை வருமானத்தை நம்பி இன்று எந்த முடிவையும் எடுக்காதீர்கள். பின்லாந்து 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகள், வேலையில்லாத 2,000 பேருக்கு நிபந்தனையின்றி மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தது. அவர்கள் சோம்பியிருந்துவிடவில்லை, மனநலமும் வாழ்க்கை மீதான நிறைவும் கூடின, வேலைக்குச் செல்வதில் ஏற்பட்ட மாற்றம் மிகச் சிறிது. ஆனாலும் சோதனை முடிந்தபின் திட்டம் தொடரவில்லை. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் எண்ணெய் வருவாய் நிதியிலிருந்து 1982 முதல் மக்களுக்கு ஆண்டுதோறும் பங்கு தருகிறது. அதை மட்டும் வைத்து வாழ முடியாது. பெரிய அளவில் தருவதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதே முடிச்சு. அமெரிக்காவில் உழைப்பின் மீதான வரிச்சுமை 25 விழுக்காட்டுக்கு மேல் இருக்க, கருவிகள், மென்பொருள் மீதான சுமை சுமார் 5 விழுக்காடுதான் என்று 2020-இல் பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். ஓர் ஆளின் இடத்தில் இயந்திரம் அமரும்போது, அந்த ஆளின் பெயரில் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு வந்துகொண்டிருந்த பங்களிப்பும் நின்றுவிடுகிறது. இந்தச் சமன்பாட்டை அரசுகள் மாற்றும் வரை, ஏற்கெனவே உங்களுக்கு உள்ள உரிமைகளே உங்கள் கையிருப்பு. வேலையிழப்பு உதவிக்கு எத்தனை மாதப் பங்களிப்பு தேவை, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், பயிற்சிக்கு உதவித்தொகை உண்டா என்பவற்றை இப்போதே கேட்டறியுங்கள். சிங்கப்பூர் 2016 முதல் தன் குடிமக்களுக்குத் தந்ததைப் போன்ற பயிற்சி நிதி கிடைத்தால், நிரல் எழுதக் கற்பதைவிட, மோசடி விசாரணை, மேல்முறையீடு, மென்பொருளின் முடிவுகளைத் தணிக்கை செய்வது ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் அனுபவத்துக்கு இன்னும் மதிப்பிருப்பது அங்கேதான்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. நாளை நீங்கள் அரசின் உதவிக்கு விண்ணப்பித்தால், அதைப் பரிசீலிப்பதும் கணினியாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெப்ட்' என்று பெயர்பெற்ற திட்டம், ஒருவரின் ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்துப் பார்த்தது. அரையாண்டு வேலை செய்து 26,000 டாலர் ஈட்டி, மறு அரையாண்டு வேலையின்றி உதவி பெற்றவரை, ஆண்டு முழுவதும் இருவாரத்துக்கு 1,000 டாலர் ஈட்டியவராக அது எண்ணியது. வாங்கிய உதவியைத் திருப்பித் தருமாறு கடன் கடிதம் அனுப்பியது. லட்சக்கணக்கானோருக்கு இப்படிக் கடிதம் போன பிறகுதான் அது சட்டவிரோதம் என்பது உறுதியானது. 2023-இல் அரச விசாரணை ஆணையம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. அப்போது பலரிடமும் நிரூபிக்கக் கேட்கப்பட்டவை பழைய சம்பளச் சீட்டுகள். உங்கள் சம்பளச் சீட்டுகளையும், பங்களிப்பு விவரங்களையும், பணி நியமனக் கடிதத்தையும் இந்த வாரமே சொந்தக் கணினியில் மாதவாரியாகச் சேமித்துவையுங்கள். பணியிலிருந்து விலகும் நாளில் நிறுவனத்தின் இணையக் கணக்கு மூடப்பட்டுவிடும்.