கீ ஃபைல் இருந்தும் சர்வர் உள்ளே விடவில்லையே, ஏன்?

அமேசான் கிளவுடில் எடுத்த உபுண்டு சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் கட்டளை) போட்டால் 'பெர்மிஷன் டினைட்' வருகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் சர்வர் பதில் சொல்கிறது, நெட்வொர்க்கில் கோளாறு இல்லை. எஸ்எஸ்ஹெச் நுழையும் வாசலான 22-ஆம் போர்ட் அடைபட்டிருந்தால் 'டைம்டு அவுட்' என்றுதான் வரும்.

முதலில் கீ ஃபைலின், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதில் உங்களை அடையாளம் காட்டும் ஃபைலின், அனுமதியைப் பாருங்கள். அதை மற்றவர்களும் படிக்க முடிந்தால் எஸ்எஸ்ஹெச் அந்தக் கீயைத் தொடவே தொடாது. லினக்ஸிலோ மேக்கிலோ 'சிடி' கொடுத்து அந்த ஃபோல்டருக்குப் போய், நீங்கள் மட்டும் படிக்கும்படி அனுமதியை மாற்றும் 'சிஹெச்மோட் 400' அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஃபைல் பெயரைக் கொடுங்கள். பிறகு 'எல்எஸ் -எல்' போட்டால் வரியின் தொடக்கத்தில் ஒரே ஒரு 'ஆர்' மட்டும் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் சிறுகோடுகள்.

பலர் மாட்டிக்கொள்வது யூசர் பெயரில். சர்வரை உபுண்டு இமேஜில் (தயார் நிலையில் உள்ள சிஸ்டம் நகலில்) உருவாக்கியிருந்தால் அது 'உபுண்டு', அமேசான் லினக்ஸில் 'இசி2-யூசர்'. பெயரே கொடுக்காவிட்டால் உங்கள் லேப்டாப்பின் யூசர் பெயர் போய்விடும். எஸ்எஸ்ஹெச் கட்டளையில் '-ஐ' போட்டுக் கீ ஃபைலைக் காட்டவும் மறக்காதீர்கள். இன்னும் சிக்கல் என்றால் '-வி' சேருங்கள். எந்தக் கீ அனுப்பப்படுகிறது என்று வரிவரியாகத் தெரியும்.

உள்ளே போன பிறகு ஹோம் ஃபோல்டருக்கு தயவுசெய்து 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுக்காதீர்கள். பிறர் எழுதக்கூடிய ஹோமில் இருக்கும் கீயை சர்வர் நம்பாது. அடுத்த முறை நீங்களே வெளியே நிற்பீர்கள்.