எந்த ஐ7? – கணினி கேள்வி-பதில்

ஏறாவூர் வாசகர்: ஒருவர் பாவித்த ‘கோர் ஐ7’ கணினியை மலிவாகத் தருகிறார். எடுக்கலாமா?

எந்த ஐ7? அது இன்டெல் ப்ரொசஸர் வரிசை ஒன்றின் பெயர் மட்டும்தான். 2011இல் வந்த 2600உம் ஐ7தான், 2023இல் வந்த 14700கேயும் ஐ7தான். அந்தப் பழைய 2600ஐ 2022இன் சாதாரண ஐ3 12100 அநாயாசமாக முந்திவிடும். விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை ப்ரொசஸராவது வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 ஒக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். முழு மொடல் நம்பரைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். போன முறையும் இதையேதான் சொன்னேன்.

கல்லடி வாசகி: டிடிஆர்4 மதர்போர்டில் டிடிஆர்5 றாம் போடலாமா?

ஏறாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

களுவாஞ்சிகுடி வாசகர்: கேஸுடன் 500 வாட்ஸ் பவர் சப்ளை இலவசமாகக் கிடைத்தது. 12400எஃப் ப்ரொசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்ட். கேம் தொடங்கியதும் அணைந்துவிடுகிறது. கார்ட் பழுதா? (லேபிள் படம் இணைத்திருக்கிறேன்.)

கார்டைத் திட்டாதீர்கள். மொடல் நம்பரோடு எழுதியவர் இந்த முறை நீங்கள் ஒருவர்தான், அதற்கு முதலில் நன்றி.

லேபிளில் 500 என்ற பெரிய எழுத்தை விடுங்கள், 12 வோல்ட் வரியைப் பாருங்கள். உங்கள் படத்தில் 17 ஆம்பியர். பெருக்கினால் 200 வாட்ஸ் சொச்சம். கார்ட் மட்டுமே 170 கேட்கும், ப்ரொசஸர் முழு மூச்சில் ஓடினால் 120க்குக் கிட்ட. இரண்டும் சேர்ந்து 290. 200ஐ வைத்துக்கொண்டு 290 கொடு என்றால் அது எங்கே போகும்? அணைகிறது. அணைவதோடு நிற்பது உங்கள் அதிர்ஷ்டம்.

எங்கள் ஆட்கள் கண்ணாடிக் கேஸுக்கும் வண்ண விளக்குக்கும் கேட்ட காசைக் கொடுப்பார்கள். பவர் சப்ளை என்றதும் “இருக்கிறதைப் போடுங்கோ அண்ணன்”. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். மாரி மழை இரவொன்றில் ‘டப்’ என்று ஒரு சத்தம். மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. பவர் சப்ளையைக் கழற்றிப் பார்த்தால், கரண்டை வடிகட்டும் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெறும் கம்பித்துண்டுகள். சுருளின் படம் மட்டும் சர்க்கிட் தட்டில் அழகாக அச்சடித்திருந்தது! வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன். “மின்னலுக்கு வொரண்டி இல்லை” என்றார்கள்.

நல்லதொரு 550 வாட்ஸ் எடுங்கள், 12 வோல்ட் வரியில் 45 ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அது கரண்டை எவ்வளவு வீணாக்காது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்பை அல்ல. வாங்கும்வரை கேம் வேண்டாம். பழையதைத் தம்பிக்குக் கொடுத்துவிடவும் வேண்டாம்.

கல்முனை வாசகர்: பழைய கணினி மெதுவாக ஓடுகிறது. றாம் கூட்டவா, எஸ்எஸ்டி போடவா?

றாம் 8 ஜிபி இருந்தால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 150 எம்பி வாசித்தால் பெரிது, சாட்டா என்ற இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி 500ஐத் தாண்டும். எம்.2 வகை (போர்டிலேயே நேரே செருகும் சின்னப் பட்டி) வாங்குவதானால் உங்கள் போர்ட் ஏற்பது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இயா என்று பாருங்கள். போர்ட் மொடல் நம்பர்? எழுதவில்லை.

காத்தான்குடி வாசகர்: 2 டிபி பென் டிரைவ் ஒன்றை நம்ப முடியாத விலைக்குத் தருகிறார்கள்…

நம்பாதீர்கள்.

வாழைச்சேனை வாசகர்: 650 யூபிஎஸ் போதுமா?

650 என்பது விஏ (வோல்ட்-ஆம்பியர்), வாட்ஸ் அல்ல. கையில் வருவது 360, 390 வாட்ஸ் அளவுதான். அலுவலகக் கணினிக்குத் தாராளம், கேம் கணினிக்கு இழுபறி. எர்த் இல்லாத ப்ளக்கில் மட்டும் செருகாதீர்கள்.

திருக்கோவில் வாசகி: வீடு கடற்கரையில். இரண்டு கிழமை பூட்டியிருந்துவிட்டு வந்தால் கணினி ‘பீப் பீப்’ என்கிறது, திரையில் ஒன்றும் வரவில்லை.

உப்புக் காற்று. அநேகமாக றாமின் பொன்னிறப் பற்களில் படிந்திருக்கும். கரண்டைக் கழற்றிவிட்டு றாமை எடுத்து, பிள்ளையின் பெட்டியிலிருந்து வெள்ளை அழிறப்பரை வாங்கி இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். கணினியை யன்னலடியிலிருந்து நகர்த்துங்கள். தினமும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் அந்தச் சூட்டுக்கு ஈரம் தங்காது. ஸ்லொட்டுக்குள் வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும்.