கேளுங்க சொல்றேன்: "சும்மா கையெழுத்து போட்டா போதுமாம், கமிட்டில சேரலாமா அக்கா?"

அக்கா, நான் பொதட்டூர்பேட்டை. சொந்தமா விசைத்தறி ஓட்டறேன். எங்க ஊர்ல பசங்களுக்குத் தெருக்கூத்து, மத்தளம், ஓவியம் சொல்லித்தர ஒரு சங்கம் இருக்கு. சனி ஞாயிறு கிளாஸ், பார்டர் தாண்டி ஆந்திராவுல இருக்கற நகரிங்கற ஊர்ல இருந்தும் பசங்க வர்றாங்க. என்னை நிர்வாகக் குழுவுல சேரச் சொல்றாங்க. சம்பளம் எதுவும் இல்ல, சும்மா கையெழுத்து போட்டா போதும்னு செயலாளர் சொல்றாரு. நாளைக்கு ஏதாவது பிரச்சனைன்னா என் தலைல விழுமா?
– வாசகர், பொதட்டூர்பேட்டை

கட்டாயம் சேருங்க தம்பி. ஆனா அந்த "சும்மா கையெழுத்து போட்டா போதும்"ங்கறத மட்டும் ஒத்துக்காதீங்க. சம்பளம் வாங்காம செய்யறதால பொறுப்பு குறைஞ்சிடாது. வரவு செலவுக் கணக்குல உங்க கையெழுத்து இருந்தா அது சரின்னு நீங்க சொன்னதாத்தான் அர்த்தம், நாளைக்கு அது பொய்க்கணக்குன்னு தெரிஞ்சா எனக்குத் தெரியாது சார் செயலாளர் நீட்டினாரு நான் போட்டேன்னு சொன்னா பதிவாளர் ஆபீஸ்லயும் கேக்க மாட்டாங்க, வருமானவரி ஆபீஸ்லயும் கேக்க மாட்டாங்க. நல்ல மனசோட யோசிச்சு எடுத்த ஒரு முடிவு சரியா வராம போச்சுன்னா அது வேற விஷயம், அதுக்குப் பயப்பட வேண்டாம்.

சேர்றதுக்கு முன்னாடி சங்கத்தோட பைலாவை, அதாவது விதிமுறைப் புத்தகத்தை, வாங்கி ஒரு தடவை முழுசா படிங்க. பீரோல பூட்டி வச்சிருக்கோம்னு சொன்னா பூட்டைத் திறக்கச் சொல்லுங்க. உங்க சங்கம் தமிழ்நாட்டுல பதிவானதுன்னா 1975-ம் வருஷ சங்கப் பதிவுச் சட்டம்தான். பதிவு பண்ண குறைஞ்சது 7 பேர் வேணும், நிர்வாகக் குழுவுல குறைஞ்சது 3 பேர் இருக்கணும், ஒரு குழுவோட காலம் 3 வருஷத்துக்கு மேல போகக்கூடாது, மறுபடி தேர்ந்தெடுத்தா தொடரலாம். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டணும், கணக்கைத் தணிக்கை பண்ணி பதிவாளர் ஆபீஸ்ல தாக்கல் பண்ணணும். இதெல்லாம் நடக்குதான்னு கேளுங்க. நிறைய ஊர்ல ஆரம்பிச்ச வருஷம் போட்ட தலைவர் செயலாளர் பேருதான் இன்னும் ஓடிட்டு இருக்கும், அதுல ரெண்டு பேர் காலமாகியும் இருப்பாங்க, பேங்க்ல போய் நின்னா கணக்கை முடக்கி வச்சிருப்பாங்க, அப்புறம் கூத்து வாத்தியாருக்கு மாசச் சம்பளம் குடுக்க வழி இருக்காது.

அடுத்து மினிட்ஸ் புக், அதாவது கூட்டத்துல நடந்ததை எழுதி வைக்கற நோட்டு. எடுத்துப் புரட்டிப் பாருங்க. "கூட்டம் நடந்தது, அனைத்தும் ஏகமனதாக நிறைவேறியது"ன்னு பக்கத்துக்குப் பக்கம் ஒரே கையெழுத்து ஒரே பேனா மைல இருந்தா, அது கூட்டம் நடந்து எழுதினது இல்ல, ஆடிட்டர் கேட்டாருன்னு ஒரே ராத்திரில உக்காந்து எழுதினது. யார் வந்தாங்க, என்ன கேட்டாங்க, யார் ஒத்துக்கல, எவ்வளவு செலவுக்கு அனுமதி, இதெல்லாம் இருந்தாத்தான் அது மினிட்ஸ்.

பேங்க் கணக்குல ரெண்டு பேர் கையெழுத்து, அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளுங்களா இருக்கக்கூடாது. மாசம் ஒருதடவை பாஸ்புக்கை எல்லாரும் பாக்கணும். நீங்க தறிக்காரர், பாவு எவ்வளவு ஏத்தினோம் துணி எவ்வளவு இறங்குச்சுன்னு ராத்திரி கணக்கு பாக்காம படுக்க மாட்டீங்க இல்ல, அதே கண்ணை இங்கயும் வைங்க. இன்னொண்ணு, சாமான் பட்டியல். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம்னு மரத்துல செதுக்கி கண்ணாடிச் சில்லு ஒட்டின கட்டைச் சாமான் ஒரு செட்டு பண்ணணும்னா பெரிய செலவு, ஆர்மோனியம் விலை கேக்கவே வேணாம், ஆனா இதெல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டுப் பரண்ல கிடக்கும், அவருக்கும் சங்கத்துக்கும் மனஸ்தாபம் வந்துட்டா ஆர்மோனியம் யாரோடதுன்னு பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். வாங்கின தேதி, விலை, இப்ப எங்க இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதிட்டா அந்தச் சண்டையே வராது.

தலைவரோட தம்பி பந்தல் போடறவர்னா பந்தல் அவருக்கேன்னு முடிவு பண்றது நம்ம ஊர்ல சகஜம். குடுக்கவே கூடாதுன்னு இல்ல. மத்த இடத்துல விலை கேட்டிருக்கணும், முடிவு எடுக்கும்போது தலைவர் எழுந்து வெளிய போயிருக்கணும், அதையும் மினிட்ஸ்ல எழுதணும். நிர்வாகிகளோட சொந்தக்காரங்களுக்கு மார்க்கெட் விலைக்கு மேல பணம் போனா சங்கத்தோட வருமானவரி விலக்குக்கே ஆபத்து. நன்கொடை தர்றவங்களுக்கு வருமானவரிச் சலுகைக்கான ரசீது (80ஜின்னு சொல்லுவாங்க) குடுக்கறீங்கன்னா, 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா வாங்கினதுக்கு அவங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காது, முன்னாடியே சொல்லி பேங்க் வழியா அனுப்பச் சொல்லுங்க.

அக்கா, நாங்க பள்ளிப்பட்டு பக்கம். எங்க கூத்துப் பள்ளில பாதி பசங்க ஆந்திராப் பக்கம் தெலுங்கு மீடியம் படிக்கறவங்க, வீட்ல தமிழ்தான் ஆனா எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டை எல்லாம் நோட்டுல தெலுங்கு எழுத்துல எழுதி வச்சிப் பாடறாங்க. கமிட்டில ஒருத்தர் இது கூடவே கூடாது, தமிழ்ல எழுதத் தெரிஞ்சாத்தான் வேஷம்னு தீர்மானம் கொண்டு வர்றாரு. பொம்பளப் பிள்ளைங்களுக்குத் திரௌபதி வேஷம் குடுக்கறதும் அவருக்குப் பிடிக்கல. வாத்தியார் கோவிச்சுக்கிட்டு ரெண்டு வாரமா வரல.
– கமிட்டி உறுப்பினர், பள்ளிப்பட்டு

முதல்ல வாத்தியாரைப் போய்ப் பாத்து கூட்டிட்டு வாங்க. தலைவரே நேர்ல போகணும், போன்ல வேண்டாம்.

இதைப் படிச்சதும் எனக்கு மனசு கனத்துப் போச்சு. திருத்தணி பக்கம் 1960 வரைக்கும் ஆந்திராலதான் இருந்துச்சு, அதுக்கப்புறம்தான் இந்தப் பக்கம் வந்துச்சு. கோடு மாறுச்சே ஒழிய ஜனங்க மாறல, இந்தப் பக்கம் தெலுங்கு பேசறவங்க இருக்காங்க, அந்தப் பக்கம் நகரி ஊர்ல தமிழ் பேசறவங்க இருக்காங்க, பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்துக்கறாங்க, ரெண்டு பக்கமும் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் நடக்குது. அந்தப் பிள்ளை தெலுங்கு எழுத்துல எழுதிக்கிட்டாவது தமிழ்ப் பாட்டை மனப்பாடம் பண்றான் பாருங்க, அவனை வெளிய அனுப்பிட்டு யாரை வச்சுக் கூத்து நடத்தப் போறோம்? ழகரம் ஒழுங்கா வருதா, விருத்தம் இழுக்கும்போது சுதி நிக்குதா, அடவு தாளத்தோட விழுதான்னு பாக்கறது வாத்தியார் வேலை. யாருக்கு எந்த வேஷம்ங்கறதும் அவர் வேலைதான், கமிட்டி அதுல கை வைக்கவே கூடாது.

தமிழ் எழுத்து மேல அந்த உறுப்பினருக்கு இருக்கற அக்கறை தப்பில்ல, அதை நல்ல வழில திருப்புங்க. சனிக்கிழமை கிளாஸுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் தமிழ் எழுத்து சொல்லித்தர ஒரு ரிட்டயர்டு டீச்சரைப் பிடிங்க, அவங்க பஸ் செலவுக்கு பட்ஜெட்ல பணம் ஒதுக்குங்க. அவன் பாடற பாட்டையே பாடமா வச்சா சீக்கிரம் எழுத்து பிடிபடும், வார்த்தை ஏற்கனவே வாயில இருக்கே. இந்தப் பொறுப்பை அந்த உறுப்பினர்கிட்டயே ஒப்படைங்க.

பொம்பளப் பிள்ளைங்க விஷயம், இதுல நான் விட்டுக்குடுத்துப் பேச மாட்டேன். காஞ்சிபுரம் பக்கம் 1990-ல ஆரம்பிச்ச கட்டைக்கூத்துச் சங்கம் நடத்தின குருகுலத்துல பையனும் பொண்ணும் ஒண்ணா ஸ்கூல் பாடமும் கூத்தும் படிச்சாங்க, பொண்ணுங்க கட்டை கட்டி விடிய விடிய ஆடினாங்க, ஜனங்க உக்காந்து பாத்தாங்க. உங்க ஊர்லயும் பாப்பாங்க. பிள்ளையோட அப்பா அம்மா சம்மதிச்சு, வாத்தியாரும் சரின்னா கமிட்டி செய்ய வேண்டியது உடை மாத்த பூட்டு போட்ட தனி அறை, கூட ஒரு பொம்பளை ஆளு, திரும்பி வர வண்டி, இவ்வளவுதான்.

அக்கா, என் பொண்ணு அமெரிக்கால இருக்கா, சிட்டிசன்ஷிப் வாங்கிட்டா. நான் கமிட்டில இருக்கற ஓவியப் பள்ளிக்கு ஒரு லட்சம் அனுப்பறேங்கறா. நேரா சங்கக் கணக்குல போடலாமா?
– வாசகி, அம்மையார்குப்பம்

போட வேண்டாம்மா. இந்திய பாஸ்போர்ட்டோட வெளிநாட்டுல வேலை பாக்கறவங்க சொந்த சம்பாத்தியத்துல இருந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது. உங்க பொண்ணு அமெரிக்கப் பிரஜை ஆயிட்டாங்க, ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுப் பிரஜைக்குக் குடுக்கற அட்டை) இருந்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம்தான், அதுக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவு வேணும். அந்தப் பதிவுக்கு சங்கம் ஆரம்பிச்சு 3 வருஷம் ஆகியிருக்கணும், கடைசி 3 வருஷத்துல 15 லட்சமாவது அந்த வேலைக்கு செலவு பண்ணியிருக்கணும், டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சுல தனிக் கணக்கும் திறக்கணும். சின்னப் பள்ளிக்கு இதெல்லாம் எட்டாது. உங்க கணக்குக்கு அனுப்பி நீங்க குடுத்த மாதிரி காட்டலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க, பள்ளிக்கே வினையா முடியும். பொண்ணு ஊருக்கு வரும்போது பசங்களுக்கு ரெண்டு நாள் கிளாஸ் எடுக்கச் சொல்லுங்க, அதுவே பெரிய உதவி.

எங்க சங்கத்துல மத்தளம் சொல்லித்தர்ற ஒருத்தர் பத்தி ஒரு பிள்ளை அவங்க அம்மாகிட்ட ஏதோ சொல்லியிருக்கு. ஊர்ல பேர் கெட்டுடும், உள்ளயே பேசி அவரை வேலைய விட்டு அனுப்பிடலாம்னு கமிட்டில சொல்றாங்க. நான் என்ன பண்றது?
– பேர் வேண்டாம்

இதைப் படிச்ச உடனே செய்ங்க, அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்காதீங்க. 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு நடந்திருக்குன்னு தெரிஞ்சா போலீஸ்ல சொல்லியே ஆகணும்னு 2012-ம் வருஷ போக்சோ சட்டம் சொல்லுது, மறைச்சா தண்டனை, நிறுவனத்தைப் பொறுப்பா நடத்தறவங்க தனக்குக் கீழ வேலை செய்யறவர் பத்தி மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். உள்ளயே பேசி அனுப்பினா அவர் அடுத்த ஊர்ல இன்னொரு பள்ளில போய் உக்காருவாரு. குழந்தைங்க உதவி எண் 1098-க்குப் போன் பண்ணுங்க, இல்ல மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்க. பிள்ளையைக் கமிட்டி முன்னாடி நிக்க வச்சு மறுபடி மறுபடி கேக்கவே கேக்காதீங்க, அம்மாகூடவே இருக்கட்டும். அந்த ஆளை இன்னைக்கே பசங்க பக்கம் வராம நிறுத்துங்க. எத்தனை மணிக்கு என்ன தெரிஞ்சுது, யார்கிட்ட சொன்னீங்கன்னு எழுதி வச்சுக்கோங்க. கமிட்டி ஒத்துக்கலன்னாலும் நீங்க தனியாப் போய்ச் சொல்லலாம், யார் அனுமதியும் தேவையில்ல.

பசங்களையே கமிட்டில சேத்தா என்ன அக்கா? அவங்களுக்காகத்தானே எல்லாம்.
– கல்லூரி மாணவி, ஆர்.கே.பேட்டை

18 முடிஞ்ச பழைய மாணவங்க ரெண்டு பேரைத் தாராளமா சேருங்க, சேக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் கூட்டத்துல வந்து உக்காந்து கணக்கு படிக்கப் பழகட்டும். மைனர் பசங்க பேரைப் பதிவுல போட வேண்டாம், ஆனா மூணு மாசத்துக்கு ஒருதடவை அவங்க வந்து என்ன வேணும்னு சொல்ல அஜெண்டாவுல முதல் அரை மணி நேரம் ஒதுக்குங்க, கடைசில வச்சீங்கன்னா காப்பி வந்துடும், எல்லாரும் எழுந்துடுவாங்க.