கிலிம் பீஜா, ஆக்சசிபிள் பீஜா: பட்டாலைச் சுவருக்கு எது பொருந்தும்?

அமெரிக்காவிலிருந்து தம்பி அனுப்பிய ஷெர்வின் வில்லியம்ஸ் பெயிண்ட் கம்பெனியின் ஷேடு கார்டில் கிலிம் பீஜ் (6106), ஆக்சசிபிள் பீஜ் (7036) என்ற வெளிர் பழுப்பு நிறங்கள் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதாகவும், செட்டிநாட்டு வீட்டுக் கூடமான பட்டாலைக்கு எதை அடிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆக்சசிபிள் பீஜையே அடியுங்கள். காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் புதுப்பித்தபோது நாங்களும் இதே இரண்டு நிறங்களுக்கிடையே பல நாள் தடுமாறினோம்.

கறுப்பை 0, வெள்ளையை 100 என்று வைத்து ஒளியைத் திருப்பித் தரும் திறனை அளந்தால் கிலிம் 57, ஆக்சசிபிள் 58. கார்டில் பிரித்தறிய முடியாததற்கு இதுவே காரணம். வேறுபாடு அடியிலுள்ள சாயலில் இருக்கிறது. கிலிமில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் ஒளிந்திருக்கின்றன. ஆக்சசிபிளில் சாம்பல் ஒளிந்திருக்கிறது.

நம் வீடுகளில் இந்தச் சாயலை வெளியே இழுப்பது தரைதான். வளவில் (நடுமுற்றத்தில்) விழும் வெயில் சிவப்பு ஆத்தங்குடிக் கல்லில் பட்டுச் சுவரில் ஏறும்போது, கிலிம் அடித்த பலகையின் கீழ்ப்பாதி பகல் பதினொரு மணிக்கே ரோஜா நிறமாகிவிட்டது. பக்கத்தில் நிறுத்திய ஆக்சசிபிளோ அந்தச் சிவப்பை வாங்கிய பின்னும் சந்தனத்தோடு நின்றது. பர்மா தேக்கு நிலைக்கதவும் ஆரஞ்சு கலந்த பழுப்பு என்பதால், கிலிமுக்கு அருகில் அதன் செதுக்கு வேலை சுவரோடு கலந்து மங்குகிறது. அவ்வளவு உழைப்பில் உருவான கதவு மங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டடிச் சதுரப் பலகைகளில் இரண்டு கோட்டிங் அடித்து, காலை, உச்சி, விளக்கு வைத்த பின் என மூன்று வேளையும் சுவரில் சாய்த்துப் பாருங்கள். உள்ளூர்க் கடையில் கார்டைக் காட்டி வேறு கம்பெனி பெயிண்டில் கலக்கச் சொன்னால், கடை வெளிச்சத்தில் பொருந்திய நிறம் வீட்டு வெளிச்சத்தில் விலகக்கூடும். ஆகவே கலந்த பெயிண்டையே பலகையில் அடியுங்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் ஆக்சசிபிள் சாம்பல் பூத்துவிடும்; மஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் விளக்கே போடுங்கள்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய பழைய சுவர் எங்கேனும் எஞ்சியிருந்தால், அதன்மேல் எந்த எமல்ஷனையும் அடிக்காதீர்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிப் பெயிண்ட் உப்பி, உரியும்போது மெருகையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும்.