கானமயிலின் கூட்டைப் படமெடுக்க முன்பணம் கட்டலாமா?

கேள்வி: நான் செந்தூலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பறவைகளைப் படமெடுப்பது வழக்கம். ஜூலையில் ராஜஸ்தானுக்கு அழைத்துச் சென்று, கானமயில் என்ற அரிய தரைப்பறவை (Great Indian Bustard) அடைகாப்பதை முப்பது அடி தூரத்திலிருந்து படமெடுக்க வைப்பதாக ஒரு பயண முகவர் சொல்கிறார். வனத்துறை அனுமதிச் சீட்டையும் காட்டினார். 2,500 ரிங்கிட் முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா.

முதலில், கானமயில் கூடு கட்டுவதே இல்லை. தார்ப் பாலையின் புல்வெளியில், வெறும் தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிட்டு, ஏறத்தாழ நான்கு வாரம் பெட்டை மட்டுமே அடைகாக்கும். மழைக்காலத்தில்தான் இது மும்முரமாக நடக்கும் என்பதால் முகவர் சொன்ன மாதம் சரிதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஆள் நெருங்கினால் பெட்டை எழுந்து விலகிவிடும். அது திரும்பும்வரை முட்டை வெயிலில் கிடக்கும். காகத்துக்கும் நரிக்கும் நாய்க்கும் அதுவே போதும். காட்டில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்பது பொதுவான கணக்கு.

நம் பினாங்கின் பெனாகாவில் நீலவால் பஞ்சுருட்டான்கள் மணலில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அங்கே ஒருமுறை ஐந்தாறு பேர் வளைக்கு எதிரிலேயே கேமராவை நிறுத்திவிட்டு அமர்ந்திருந்தார்கள். தாய்ப்பறவை அலகில் தும்பியோடு கம்பியிலிருந்து இறங்குவதும் பாதியில் திரும்புவதுமாக இருந்தது. நான் கிளம்பும்வரை அந்தத் தும்பி குஞ்சுக்குப் போய்ச் சேரவில்லை. பஞ்சுருட்டானுக்காவது வளை இருக்கிறது. கானமயில் முட்டைக்குத் தாயின் நிழலைத் தவிர வேறு கூரை கிடையாது.

இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் ‘வேட்டை’ என்றே வரையறுக்கிறது. கானமயில் அச்சட்டத்தின் மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் இருப்பதால் தண்டனை குறைந்தது 3 ஆண்டுச் சிறை. அப்போது முகவர் கோலாலம்பூரில் இருப்பார்; நீங்கள் ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் இருப்பீர்கள்.

அவர் காட்டிய சீட்டு நுழைவு அனுமதியாகத்தான் இருக்க வேண்டும். சரணாலயத்துக்குள் நுழைவது வேறு, அடைகாக்கும் பறவையை நெருங்குவது வேறு. இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைத்தான் இத்தகையவர்கள் சாதுரியமாகப் பயன்படுத்துகிறார்கள். 2019-இல் சாம் என்ற இடத்தில் தொடங்கிய கானமயில் இனப்பெருக்க மையத்துக்காக, இந்திய வனவுயிர் நிறுவனத்தின் அறிவியலாளர்கள் அரசு அனுமதியோடு காட்டிலிருந்து முட்டைகளை எடுத்தார்கள். ‘அவர்கள் எடுக்கலாம், நாம் பார்க்கக் கூடாதா?’ என்று முகவர் கேட்பார். அவர்கள் எடுத்த முட்டை நேராக அடைகாப்புப் பெட்டிக்குப் போயிற்று, வெயிலுக்கு விடப்படவில்லை. அந்த அனுமதி அவர்களுக்கு உரியது; உங்களை ‘உதவியாளர்’ என்று சேர்த்துக்கொள்வதாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். பயணத் திட்டத்தில் ‘முட்டையைக் காட்டுவோம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள்; எழுத மாட்டார்.

தனிமனிதருக்கு இவ்வளவு கெடுபிடி காட்டும் அமைப்பு, கானமயில்கள் மோதிச் சாகும் மின்கம்பி விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி அசைந்து அசைந்து நடக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. கம்பிகளைப் புதைக்கும்படி 2021-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024-இல் அதைத் தளர்த்தி ஒரு நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் எதிரே உள்ள கம்பி இப்பறவைக்கு எளிதில் தெரிவதில்லை. தெரியும்போது, 15 கிலோ வரை எடையுள்ள ஆண் சட்டென்று திரும்பவும் முடியாது.

பயணத்தைக் கைவிட வேண்டாம்; டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். ஜெய்சல்மேரில் வனத்துறையிடமே நேரில் சீட்டு வாங்கிப் பாலைவனத் தேசியப் பூங்காவின் சுதாசரி பகுதிக்குச் செல்லுங்கள். பாகிஸ்தான் எல்லையோரக் கிராமங்களுக்கு வெளிநாட்டவர் முன்னனுமதி பெற வேண்டும். கடப்பிதழைக் கையில் வைத்திருங்கள். வண்டியை விட்டு இறங்காதீர்கள். காலை பத்து மணிக்குமேல் கானல் எழும்பி எவ்வளவு நீண்ட லென்ஸாலும் தெளிவாக எடுக்க முடியாது என்பதால், விடியும்போதே போய்விடுங்கள். ஃபலோதி என்ற ஊருக்கு அருகே கிச்சன் என்ற கிராமத்தில், கிராமத்தார் போடும் தானியத்துக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் இறங்கும் கர்கரா கொக்குகளை அருகிலிருந்தே படமெடுக்கலாம்.