போர்த்த முடியாத போர்வை

அன்புள்ள சார்,

நான் ஓய்வுபெற்ற தையல் டீச்சர். ஊர் தக்கலை. மகளோடு இருக்க ஹூஸ்டன் போயிருந்தபோது அங்கே நடக்கும் பெரிய குவில்ட் கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள். மண்டபம் முழுக்கப் போர்வைகள். ஆனால் பாதிக்குமேல் போர்த்துவதற்கில்லை. முகங்கள், காடுகள், வெறும் நிறக்கட்டங்கள் என்று படம்போல மாட்டியிருந்தார்கள். ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அப்புறம் வெள்ளைக் கையுறை போட்டு நின்ற பெண்ணிடம் அதன் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். மகளுக்குக் கூச்சமாகிவிட்டது. ‘அம்மா, இது ஆர்ட். பிள்ளைகள் பரீட்சைக்குத் தைத்தது இல்லை’ என்றாள். அன்றிலிருந்து ஒரே யோசனை. போர்த்த முடியாத போர்வை எதற்கு? நான் பார்த்தது கலையா, தையலா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள டீச்சர்,

மகளிடம் சொல்லுங்கள், அந்தக் கையுறைக்காரர்கள் நிற்பதே அதற்காகத்தான். எல்லோரும் தொட்டால் துணி அழுக்காகும். அதனால், கேட்பவர்களுக்கு ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டவே ஆள் வைத்திருக்கிறார்கள்.

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் இருந்தால்தான் அது குவில்ட். முன்பக்கத்தில் கண் நிறத்தின் பின்னால் போய்விடும். பின்பக்கம் ஒரே நிறத் துணியாக இருந்தால் தையல் ஓடிய வழி மட்டும் தெரியும், பென்சிலால் வரைந்த மாதிரி. தையல் இறுக்கிய இடம் பள்ளம், விட்ட இடம் மேடு. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் அந்த நிழலும் படத்தில் சேர்ந்துகொள்ளும். கலை, தையல் என்று நீங்கள் கேட்கும் இரண்டையும் அங்கே பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் போட்டோவை அப்படியே துணியில் கொண்டுவரும் குவில்ட்டுகள் என்னை அவ்வளவாக இழுப்பதில்லை. கூட்டம் என்னவோ அவற்றின் முன்னால்தான் நிற்கும். திறமைதான், சரி. போட்டோவே இருக்கிறதே!

போர்த்துவது பற்றிக் கேட்டீர்கள். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்தபின் 1942இல் அவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு குவில்ட் தைத்தார். வெளிறிய நீலமும் சாம்பலும் பழுப்புமான பட்டைகள். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுப்பதற்காகத் தைத்தது. அறுபது வருடம் கழித்து, 2002இல் ஜீஸ் பெண்ட் குவில்ட்டுகளின் கண்காட்சி உங்கள் மகள் இருக்கும் அதே ஹூஸ்டனில், நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கியபோது, ஊரார் போர்த்திப் படுத்த துணிகள் சுவரில் ஏறின. தைக்கும்போதே சுவரை நினைத்துத் தைப்பவர்களும் இன்று இருக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நம் ஊருக்கு வருகிறேன், அதற்கு முன் இன்னொருவர் கதை. ஹாரியட் பவர்ஸ் என்று அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு பெண், 1837இல் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த அவருடைய குவில்ட்டை 1886இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை பார்த்து விலைக்குக் கேட்டார். தரமாட்டேன் என்றார் பவர்ஸ். சில வருடம் கழித்துக் கஷ்டம் வந்தபோது அதே குவில்ட்டை ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டும் மனம் கேளாமல் பலமுறை போய் அதைப் பார்த்துவந்தாராம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கதை என்று அவர் சொல்லச் சொல்ல ஸ்மித் எழுதிவைத்தார். குவில்ட் இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில்.

இனி நம் ஊர். பவர்ஸ் பிறப்பதற்கு முன்பே, 1820களில், நாகர்கோவிலில் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். அங்கேயும் அடிமைப் பெண்கள் இருந்தார்கள். லேஸ் விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்டவர்கள் உண்டு என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. அப்புறம் 1897இல் முளகுமூட்டுக்கு வந்த லூயிஸ் டி மீஸ்டர் அம்மையாரின் கன்னியர் மடத்திலும் லேஸும் பூத்தையலும் கற்றுக்கொடுத்தார்கள். தொடங்கியவர்கள் பெயர் எல்லாம் நமக்குத் தெரிகிறது. பின்னியவர்கள் பெயர்? ஒரு பீடத்துணியைக் காட்டி இது இன்ன வீட்டுப் பெண் செய்தது என்று நம்மால் சொல்ல முடியுமா? கைத்திறனில் பவர்ஸுக்கு இவர்கள் குறைந்தவர்கள் என்று நான் நம்பவில்லை. உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆள் வாய்க்கவில்லை. கண்காட்சியில் ஒவ்வொரு குவில்ட்டின் பக்கத்திலும் தைத்தவர் பெயரோடு ஓர் அட்டை இருந்திருக்கும். எனக்கு அதைப் பார்த்துத்தான் பொறாமை.

நீங்கள் தையல் டீச்சர். தக்கலைப் பக்கத்தில் இன்னும் லேஸ் பின்னும், பூத்தையல் போடும் வயதான பெண்களை என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். அவர்களிடம் போய் யாரிடம் கற்றார்கள், எதை விரும்பிச் செய்தார்கள், எவ்வளவு கூலி வாங்கினார்கள் என்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பெயரோடு ஒரு நோட்டில் எழுத முடியுமா? தட்டச்சு செய்யும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.