நாயை வீட்டுக்குள் வைப்பதா, வெளியில் விடுவதா?

கேள்வி இதுதான்: நாயை வீட்டுக்குள் வளர்ப்பது நல்லதா, வெளியிலா? என் பதில்: பகலில் வளவு, இரவில் விறாந்தை. மட்டக்களப்பு வெயிலையும் மழையையும் வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் கறுப்பி நாட்டு நாய். 2024 கார்த்திகை வரைக்கும் அவளுக்குப் பின்வளவில் ஒரு தகரக் கூடுதான். வாசற்படி தாண்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அந்த மாதக் கடைசியில் வெள்ளம் வந்தது. விடியப் பார்த்தால் கூட்டுக்குள் தண்ணீர், நாயைக் காணவில்லை. கிணற்றுக் கட்டில் ஏறி நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். இரவு முழுக்க ஒரு சத்தம்கூடப் போடவில்லை. "வா புள்ள, உள்ளுக்கு வா" என்று கூப்பிட்டது அம்மாதான். அன்றிலிருந்து இரவில் விறாந்தையில், சாக்கு விரித்துப் படுக்கை.

வெள்ளம் வருடத்தில் சில நாள்தான். வெயில் அப்படியில்லை. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்து இளைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் தகரக் கூட்டுக்குள் கையை வைத்துப் பாருங்கள், தெரியும். கறுப்பி மத்தியானத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஈரமண்ணைக் கிண்டி, வயிறு பதியப் படுத்துவிடுவாள். முற்றம் அசிங்கமாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் அந்தக் குழியை நாங்கள் மூடுவதில்லை. அவிழ்த்துவிட்ட நாய் நிழலைத் தானே தேடிக்கொள்ளும். சங்கிலியில் கிடப்பது என்ன செய்யும்? வெளியில் வளர்க்கிறோம் என்று பலர் சொல்வது கட்டிப்போடுவதைத்தான். சடைமயிர் அல்சேசன் நாயை வாங்கிச் சீமெந்து முற்றத்தில் கட்டி வைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உள்ளே விட்டால் உண்ணி வரும் என்பார்கள். வந்தது, மறைக்கவில்லை. நாய்க்கு மட்டும் மருந்து போட்டோம், கொஞ்ச நாளில் திரும்பவும் வந்தது. ஒருநாள் விறாந்தைத் தூணில் கடுகு மாதிரி ஏதோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் குஞ்சு உண்ணி! இரத்தம் குடித்துப் பெருத்த பெட்டை உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். வெடிப்புகளைச் சீமெந்து வைத்து அடைத்து, மருந்தையும் விடாமல் போட்ட பிறகுதான் ஓய்ந்தது. வெளிக் கூட்டிலும் இதே கதைதான், அங்கே நம் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

அப்புறம், வீட்டுக்குள் கிடக்கிற நாய்க்கு எதற்கு விசர்நாய்த் தடுப்பூசி என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேற்றை எல்லா நாளும் யாராவது ஞாபகமாகப் பூட்டுவார்களா என்ன? உள்ளேயோ வெளியேயோ, வருடம் தவறாமல் போடுங்கள்.

குசினிக்குள் மட்டும் இன்னும் விடவில்லை. மீன் வெட்டும் நேரத்தில் வாசலில் வந்து தலையை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.